தரமான பிளைவுட் கிடைக்க வழிசெய்யக் கோரி வல்லத்திராக்கோட்டை வட்டாரத் தச்சர்கள் அளிக்கும் கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்,
மரத்தச்சுத் தொழிலாளர் சங்கம்,
வல்லத்திராக்கோட்டை,
திருவரங்குளம் ஊராட்சி ஒன்றியம்,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
புதுக்கோட்டை.

பொருள்: தச்சுவேலைக்கான பிளைவுட் பலகையின் தரம், கனம், விற்பனைச் சீட்டு ஆகியவற்றை முறைப்படுத்துதல் – சோதனை வசதி ஏற்படுத்துதல் – மாவட்டத்தில் விளையும் மரத்திலேயே தரமான பலகை செய்ய வழிகாணுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வல்லத்திராக்கோட்டையிலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் தச்சுவேலையை நம்பிப் பிழைக்கும் நாங்கள், எங்கள் தொழிலுக்கு அடிப்படையாகிவிட்ட பிளைவுட் பலகையின் தரம் குறித்து இம்மனுவைத் தங்கள் மேலான பார்வைக்குச் சமர்ப்பிக்கிறோம். கைவினைஞர்களுக்கு ரூ.3 லட்சம் வரை கடனும் அதில் 25 சதவீதம், அதிகபட்சம் ரூ.50,000 மானியமும் தரும் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது. அதனால் எந்திரம் வாங்க வழி உண்டு. அந்த எந்திரத்தில் கொடுத்து அறுக்கும் பலகைக்குத்தான் வழியில்லை. காசு கொடுத்து வாங்கும் பலகை, அதன்மேல் அச்சிட்டிருக்கிறபடி இருக்க வேண்டும். எங்கள் கோரிக்கையின் சாரம் அவ்வளவுதான்.

இன்றைய நிலை

முன்பு வீடு கட்டுகிறவர் தன் கொல்லையில் நின்ற வேம்பையோ பலாவையோ பூவரசையோ வெட்டி, காயவைத்து எங்களிடம் தருவார். மரத்தைப் பார்த்தாலே வைரம் எது, வெள்ளை எது என்று சொல்லிவிடுவோம். 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில் இம்மாவட்டத்தின் பலா, மா, தேக்கு மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. அதற்கு முன்பே அலமாரி, சமையலறைக் கப்போர்டு, பரண் கதவு என வீட்டு மரவேலை பெரும்பாலும் பிளைவுட்டுக்கு மாறியிருந்தது. இன்று எங்கள் கைக்கு வரும் வேலையில் பெரும்பகுதி எட்டுக்கு நாலு ஷீட்டில் செய்வதுதான்.

ஷீட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பது கடையில் தெரிவதில்லை. ஆறு நூல் கனம் என்று வாங்கி வந்ததை ரம்பத்தில் கொடுத்து அறுத்த பிறகே வெட்டுவாயில் தெரியும். மேலும் கீழும் செக்கச் சிவந்த ஃபேஸ் ஒட்டியிருக்கும். நடுவில் ஒரு படலத்துக்கும் பக்கத்துப் படலத்துக்கும் இடையே விரல் நகம் நுழையும் அளவு கேப் இருக்கும். வேறோர் இடத்தில் ஒரு படலம் இன்னொன்றின்மேல் ஏறி மேடு தட்டியிருக்கும். ஓரத்தில் தெரியும் கேப்பை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, அதன்மேல் சிவப்புச் சாயம் பூசியிருப்பார்கள். கீல் திருகு அந்த கேப்புக்கு நேராக விழுந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. காலிபர் வைத்துப் பார்த்தால் 18 மி.மீ. என்று விற்ற ஷீட் 16 மி.மீ. காட்டிய அனுபவமும் எங்களுக்கு உண்டு.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அடுத்த சிக்கல் தொடங்கும். ‘பி.டபிள்யூ.ஆர்.’ (கொதிநீர் தாங்கும் தரம்) என்று முத்திரை குத்திய பலகையில் செய்த சிங்க் அடிக் கப்போர்டு உப்பிவிடும், மைக்கா தூக்கிக்கொள்ளும், கதவு மூடாது. எங்களில் சிலர் வேலை தொடங்குமுன் ஒரு துண்டை அறுத்துக் கொதிக்கும் வெந்நீர்ப் பானையில் போட்டுவிடுகிறோம். ஒரு மணி நேரத்திலேயே படலம் படலமாகக் கழன்று மிதந்த துண்டுகளும் உண்டு. ஷீட் வாங்கிய பிறகு செய்யும் சோதனை இது. கடைக்காரர் திருப்பி எடுப்பதில்லை. பில் இல்லாமல் வாங்கியிருந்தால் கேட்கவும் வழியில்லை. வீட்டுக்காரரோ ஆலையையும் அறியார், மொத்த வியாபாரியையும் அறியார். அவருக்குத் தெரிந்தது செய்து கொடுத்த ஆசாரி ஒருவர்தான். புதிய ஷீட் வாங்கும் செலவையும் மறுபடி செய்யும் கூலியையும் நாங்களே ஏற்க வேண்டியதாகிறது.

பிர்ச் பலகை பற்றி

அண்மைக் காலமாக வாடிக்கையாளர்கள் கைப்பேசியில் படம் காட்டி ‘பிர்ச் பிளை’ கேட்கிறார்கள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை செய்யும் எங்கள் ஊர்க்காரர்களும் அங்கே பார்த்ததைச் சொல்லிக் கேட்கிறார்கள். மைக்கா ஒட்டாமல், ஓரத்து வரிகள் அப்படியே தெரியும்படி செய்த மேசை, படிப்பு அலமாரி, குழந்தைகளுக்கான விளையாட்டுச் சாமான் ஆகியவற்றுக்கு இது நல்ல பலகை. பின்லாந்து, லாட்வியா, எஸ்தோனியா, ரஷ்யா போன்ற குளிர்நாடுகளில் வளரும் பிர்ச் மரத்தில் செய்வது. அங்கிருந்து வரும் ஷீட்டின் பரவலான அளவுகளில் ஒன்று ஐந்தடிக்கு ஐந்தடி, அதாவது 1525 மி.மீ. சதுரம். 18 மி.மீ. கனத்தில் 13 படலங்கள் இருக்கும். உக்ரைன் போருக்குப் பின் 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய மரப்பொருள்களுக்குத் தடை விதித்ததிலிருந்து உலகச் சந்தையிலேயே இதன் வரத்து குலைந்து கிடக்கிறது. எங்களைப் போல் ஒன்றிரண்டு ஷீட் கேட்கிறவர்களுக்கு இது கிடைப்பதே அரிது. கிடைப்பதிலும், மேலே மட்டும் மெல்லிய பிர்ச் படலம் ஒட்டி, உள்ளே பாப்லர் போன்ற மென்மரம் வைத்ததைப் ‘பிர்ச்’ என்றே விற்பதுண்டு. அறுத்து ஓரத்தைக் காட்ட வேண்டிய வேலைக்கு அது உதவாது.

ரஷ்யாவிலிருந்தோ பின்லாந்திலிருந்தோ புதுக்கோட்டைக்குப் பலகை வரவழைத்துத் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பிர்ச் பலகையின் மதிப்பில் மரத்துக்குப் பாதிப் பங்கு என்றால், செய்நேர்த்திக்கு மறுபாதி. மேலிருந்து கீழ்வரை ஒரே மரம், ஒரே சீரான மெல்லிய படலங்கள், நன்றாகக் காய்ந்த கோர் (உட்படலங்கள்), கேப் இல்லாத அடுக்கு, தண்ணீருக்குக் கழலாத பசை ஆகியவை எல்லாம் ஆலையில் எடுக்கும் அக்கறையைப் பொறுத்தவை. நம் மண்ணில் விளையும் மரத்திலும் இவற்றைச் செய்ய முடியும்.

சட்டத்தில் இருப்பது

பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303, கடல்தரப் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710, ஃப்ளஷ் கதவுகளுக்கு ஐ.எஸ். 2202 என இந்தியத் தர நிர்ணய அமைவனம் தரங்களை வகுத்திருக்கிறது. ஐ.எஸ். 710 தரப் பலகை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் ஒட்டு விடாமல் இருக்க வேண்டும். பிளைவுட்டுக்கும் மர ஃப்ளஷ் கதவுகளுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஒன்றிய அரசின் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2025-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. சிறு, குறு ஆலைகளுக்குச் சில மாதங்கள் கூடுதல் அவகாசம் தரப்பட்டது. முத்திரையோடு அச்சிட்டிருக்கும் உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் பதிந்து, அது உண்மையானதா என்று யாரும் சரிபார்க்கலாம்.

ஆக, சட்டத்தில் குறை இல்லை. ஆலை வாசலில் தொடங்கும் அந்தச் சட்டம் எங்கள் பட்டறை வாசல்வரை வந்து சேரவில்லை. முத்திரை இல்லாத ஷீட்டும், எண் அழிந்த ஷீட்டும், எந்தத் தரம் என்றே எழுதாத ஷீட்டும் எங்களைப் போன்ற கிராமத்துப் பட்டறைகளுக்கு இன்றும் வந்து இறங்குகின்றன.

எங்கள் கோரிக்கைகள்

1. கடை, கிடங்கு ஆய்வு: இந்தியத் தர நிர்ணய அமைவனமும் மாவட்டத் தொழில் மையமும் இணைந்து, மாவட்டத்தில் பிளைவுட், ஃப்ளஷ் கதவு விற்கும் கடைகளிலும் கிடங்குகளிலும் முன்னறிவிப்பின்றி ஆய்வு செய்ய வேண்டும். முத்திரையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஷீட்டை வாங்கி, அறுத்து, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சிறு கடைக்காரரும் பல வேளைகளில் எங்களைப் போலவே ஏமாந்தவர். எனவே நடவடிக்கை சரக்கு வந்த வழியைப் பின்தொடர்ந்து மேலே செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

2. கனத்தில் குறைவு: 18 மி.மீ. விலையில் 16 மி.மீ. விற்பது அளவில் செய்யும் மோசடி. எடையளவு ஆய்வாளர்கள் தராசையும் எரிபொருள் பம்பையும் சோதிப்பதுபோலப் பிளைவுட் கடைகளிலும் காலிபர் வைத்துச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு கடையிலும் வாடிக்கையாளர் எடுத்துப் பயன்படுத்தும்படி ஒரு காலிபர் வைத்திருக்க அறிவுறுத்த வேண்டும்.

3. முழு விவரத்துடன் பில்: ‘பில் போட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கூடும்’ என்ற பேச்சில்தான் எங்கள் உரிமை முதலில் பறிபோகிறது. ஐ.எஸ். எண், கிரேடு, கனம், உரிம எண் ஆகியவற்றோடு கோர் என்ன மரம், ஃபேஸ் என்ன மரம் என்பதையும் பில்லில் எழுதித் தர வணிகர்களுக்கு அறிவுறுத்த வேண்டும். அப்படி எழுதினால், பிர்ச் ஃபேஸ் ஒட்டிய பாப்லர் பலகை முழுப் பிர்ச் என்ற பெயரில் விற்பனையாகாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முறையிடவும் எங்கள் கையில் சான்று இருக்கும்.

4. சோதனை வசதி: ஒரு ஷீட்டைச் சோதிக்கப் பெங்களூரில் உள்ள பிளைவுட் ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ தொலைவிலுள்ள வேறு ஆய்வகத்துக்கோ நாங்கள் சுமந்து செல்ல இயலாது. புதுக்கோட்டை மாவட்டத் தொழில் மையத்தில் கொதிநீர்ச் சோதனைக் கலன், ஈரப்பத மானி, காலிபர் ஆகியவற்றோடு எளிய சோதனை மேசை ஒன்றை அமைக்க வேண்டும். அங்கே தேறாத மாதிரியை அரசே அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவைப் பெற்றுத் தர வேண்டும். கிரேடுகளைப் பிரித்தறியவும் உரிம எண்ணைச் சரிபார்க்கவும் தச்சர்களுக்கு ஒன்றிய அளவில் பயிற்சி முகாம் நடத்த வேண்டும்.

5. சிட்கோ வழியாகக் கொள்முதல்: சிறுதொழில்களுக்கு இரும்பு, மெழுகு போன்ற மூலப்பொருள்களைக் கிடங்கு வைத்து வழங்கிய அனுபவம் தமிழ்நாடு சிட்கோ நிறுவனத்துக்கு உண்டு. அதே முறையில், ஆய்வகச் சான்று பெற்ற பிளைவுட்டை ஆலையிலிருந்து மொத்தமாக வாங்கி, புதுக்கோட்டையில் நியாய விலைக்குத் தர வேண்டும். சிறு பட்டறைக்காரர் முழு ஷீட்டில் பணத்தை முடக்காமல் இருக்க, அரை ஷீட்டாகவும் கால் ஷீட்டாகவும் அறுத்துத் தர வேண்டும். ஓரம் தெரியும் வேலைக்காக முழுப் பிர்ச் பலகையையும் முன்பதிவின்பேரில் சிறிதளவு வரவழைத்துத் தரலாம்.

6. நம் மரத்தில் நம் பலகை: 1974-இல் தொடங்கப்பட்டு, திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு வனத்தோட்டக் கழகத்தின் தைலமரக் காடுகள் இம்மாவட்டத்தில் பரந்து கிடக்கின்றன. வெட்டும் மரம் பெரும்பாலும் காகிதக் கூழுக்குப் போகிறது. அரியானாவின் யமுனாநகரில் தோட்டத்துத் தைலமரத்தையும் பாப்லரையும் மெல்லிய படலமாக உரித்தே பெரும் பிளைவுட் தொழில் நடக்கிறது. கேரளத்தின் பெரும்பாவூரில் ரப்பர் மரத்தை உரிக்கிறார்கள். காட்டு மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்திய 1996 டிசம்பர் 12 உச்ச நீதிமன்ற ஆணைக்குப் பின் இத்தொழில் நாடெங்கும் தோட்ட மரத்தையே மேலும் நம்பி நிற்கிறது.

தைலமரம் நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்ற இம்மாவட்ட உழவர்களின் நெடுநாள் முறையீட்டை நாங்கள் அறிவோம். நாங்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தாம். ஆகவே ஒரு ஏக்கர்கூடப் புதிதாகத் தைலமரம் நடக் கூடாது என்பதையும் இம்மனுவிலேயே பதிவு செய்கிறோம். ஏற்கெனவே நிற்கும் மரத்தில் நேராகவும் பருமனாகவும் உள்ள அடிமரத்தைக் கூழுக்கு அனுப்பாமல் உரிப்புக்கு ஒதுக்க இயலுமா என்று ஆராய வேண்டும். குறைந்த சுற்றளவுள்ள மரத்தையும் உரிக்கும் எந்திரங்கள் இப்போது வந்துவிட்டன.

விருப்பமுள்ள உழவர்களின் வரப்புகளிலும் தரிசிலும் பிளைவுட்டுக்கு ஏற்ற மலைவேம்பு வளர்க்க, மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி, கோவை வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம் ஆகியவற்றின் வழிகாட்டுதலைப் பக்கத்திலேயே இருக்கும் வம்பன் வேளாண் அறிவியல் நிலையம் வழியாகப் பெற்றுத் தர வேண்டும். மரம் உரிக்கும் சிறு ஆலை ஒன்றைக் கூட்டுறவு முறையில் இப்பகுதியில் தொடங்குவது குறித்தும், அதற்கு வேண்டிய மரத்தொழில் உரிமம் குறித்தும் சாத்தியக்கூறு அறிக்கை தயாரிக்க வேண்டும்.

7. அரசு வேலைகளில் முன்மாதிரி: பள்ளி, அங்கன்வாடி, அரசு அலுவலகங்களுக்கான மரச்சாமான்களிலும், கலைஞர் கனவு இல்லம் போன்ற திட்டங்களில் கட்டும் வீடுகளின் கதவுகளிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள பலகையே பயன்படுகிறதா என்று சரிபார்த்து, அளவைப் புத்தகத்தில் உரிம எண்ணோடு பதிய வேண்டும். பலகை தரமற்றது என்று பின்னர் தெரிந்தால், கூலிக்கு வேலை செய்த தச்சரின் தொகையைப் பிடிக்காமல், பலகை வழங்கியவரையே பொறுப்பாக்க வேண்டும்.

மேற்கண்டவற்றில் முதல் மூன்று கோரிக்கைகளுக்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. தங்கள் உத்தரவு ஒன்றே போதும். எனவே அவற்றை உடனடியாகவும், மற்றவற்றை உரிய காலவரம்பு வைத்தும் நிறைவேற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மாவட்டத் தொழில் மையம், எடையளவு அலுவலர்கள், தர நிர்ணய அமைவனம், வனத்தோட்டக் கழகம் ஆகியவற்றோடு பிளைவுட் வணிகர்களையும் எங்களையும் அழைத்துத் தங்கள் தலைமையில் கூட்டம் ஒன்றை நடத்த வேண்டுகிறோம். ஒவ்வொரு கோரிக்கையின்மீதும் எடுக்கும் முடிவை எழுத்து மூலம் தெரிவித்தால், அதை எங்கள் உறுப்பினர்களிடம் படித்துக் காட்ட உதவியாக இருக்கும்.

இணைப்பு:
1. அறுத்த பிளைவுட் துண்டுகள் – கேப், படல ஏற்றம், சாயம் பூசிய ஓரம் தெரியும்படி.
2. வெந்நீரில் கழன்ற துண்டு, அதே ஷீட்டின் முத்திரைப் பகுதியோடு.
3. உறுப்பினர்களின் கையொப்பப் பட்டியல்.

இடம்: வல்லத்திராக்கோட்டை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர்
(சங்க உறுப்பினர்கள் சார்பாக)

நகல்:
1. பொது மேலாளர், மாவட்டத் தொழில் மையம், புதுக்கோட்டை.
2. கிளை அலுவலகத் தலைவர், இந்தியத் தர நிர்ணய அமைவனம்.
3. தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்), புதுக்கோட்டை.
4. மேலாண்மை இயக்குநர், தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம், திருச்சிராப்பள்ளி.
5. மாவட்ட வன அலுவலர், புதுக்கோட்டை.