ரிங்கை எங்கே போட்டாலும் ஒன்றுதானா?

“செராமிக் ரிங்கை எங்க போட்டா என்னண்ணா, பாக்டீரியா தானா வந்துடும்.” வண்ணமீன் கடைகளில் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இதை நம்பிப் புதிதாக மீன் வளர்ப்பவர்கள், மீன்களுக்கு நஞ்சான அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா குடியேறுவதற்கான இந்த ரிங்குகளை வலைப்பையோடு தொட்டியின் மூலையில் கிடத்திவிடுகிறார்கள். மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாய் பிளக்கும்போது, அதே கடை அவர்களுக்கு மருந்து விற்கிறது.

“தானா வந்துடும்” என்கிறார்கள். வரும். சரியான இடத்தில் வைத்தாலே 4 முதல் 6 வாரம் ஆகும் என்பதை ஏன் சொல்வதில்லை?

“பாக்டீரியா எல்லாப் பரப்பிலும் வளரும்” என்கிறார்கள். கண்ணாடியிலும் சரளைக்கல்லிலும் வளரத்தான் செய்கிறது. அதுவே போதுமென்றால் காசு வாங்கிக்கொண்டு ரிங் விற்பது எதற்கு?

“ரிங்கில் நுண்துளைகள் ஏராளம்” என்கிறார்கள். இங்கேதான் அடிப்படையே தவறுகிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற ஏறத்தாழ 4.6 மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகிறது. சென்னைக் கோடையில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜனே சுமார் 7.5 மில்லிகிராம்தான். மீன்கள் சுவாசிப்பதும் அதைத்தான். அம்மோனியாவையும் ஆக்சிஜனையும் இடைவிடாமல் கொண்டுவந்து சேர்ப்பது நீரோட்டம். ஓட்டமில்லாத மூலையில் கிடக்கும் பையின் நடுவிலுள்ள ரிங்குகளுக்கு இரண்டும் போதிய அளவு எட்டுவதில்லை. போதாததற்கு, மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அங்கேதான் படிகின்றன. அவற்றைத் தின்னும் வேறு பாக்டீரியாக்கள் பல மடங்கு வேகமாகப் பெருகி, இருக்கும் ஆக்சிஜனையும் இடத்தையும் பிடித்துக்கொள்கின்றன. துளை எத்தனை இருந்தென்ன, அடைத்துக்கொண்ட துளையால் யாருக்குப் பயன்?

“ஃபில்டருக்குள்ள போட்டாப் போதும், வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம்” என்பது இன்னொரு பிழை. அழுக்கைத் தடுக்கும் பஞ்சைத் தாண்டித்தான் தண்ணீர் ரிங்குக்கு வரவேண்டும். டாப் ஃபில்டரில் தண்ணீர் மேலிருந்து இறங்குகிறது; பஞ்சு மேலே, ரிங் கீழே. கேனிஸ்டர் ஃபில்டரில் பெரும்பாலும் கீழிருந்து ஏறுகிறது; ஸ்பாஞ்ச் கீழே, ரிங் மேலே. வரிசை மாறினால் ரிங்கில் சேறு படியும். அடிக்கடி அலச நேரும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால், வாரக்கணக்கில் வளர்ந்த பாக்டீரியா செத்துப்போகும்.

“நான் அஞ்சு வருஷமா மூலையிலதான் போட்டிருக்கேன், ஒரு மீனும் சாகலை” என்பார் ஒருவர். பெரிய தொட்டியில் நாலு மீன் விட்டிருந்தால் ரிங்கே இல்லாமலும் சாகாது.

ரிங் வாங்கும்போது விலையை அப்புறம் கேளுங்கள். உங்கள் ஃபில்டரில் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது, அந்த வழியில் ரிங் எங்கே வரவேண்டும் என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.