கூண்டினுள் கூடு

கூடு என்பதும் கூண்டு என்பதும் ஒலியால் நெருங்கிய சொற்கள். பொருளாலோ பெரிதும் விலகியவை. கூடு, பறவை தன் அலகினால் தனக்கென அமைத்துக்கொள்வது. கூண்டு, பறவைக்கென மனிதன் அமைப்பது. கூண்டினுள் அடைபட்ட பறவை அங்கேயே கூடு கட்ட முற்படும்போது, அதனை வளர்ப்போனுக்குப் புதியதொரு கடமை பிறக்கின்றது. அக்கடமையை உணர்ந்தோர் சிலரே.

பிஞ்ச் எனப்படும் சிறு குருவிகளை இந்நாளில் பலரும் விரும்பி வளர்க்கின்றனர். நம் வயல்களிலே புல்லரிசியும் நெல்லும் கொறிக்கும் சில்லைகள் இக்குருவிகளுக்கு நெருங்கிய உறவின. ஆயினும் சில்லைகளைப் பிடித்து அடைத்தல் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். எனவே இல்லங்களில் வளர்வன, பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து பழகிய அயல்நாட்டுக் குருவிகளே. ஆஸ்திரேலிய நாட்டு வரிக்குருவி, அந்நாட்டின் வடபகுதிக்குரிய கூல்டியன் குருவி, ஜப்பானியர் பழக்கி வளர்த்த பெங்காலிஸ் குருவி ஆகியவற்றைப் பெருங்கூண்டு ஒன்றிலே கலந்து விடுதல் வழக்கமாக உள்ளது. பன்னிறக் குருவிகள் ஒருங்கே பறந்து திரிவது கண்ணுக்கு இனிய காட்சி என்பதில் ஐயமில்லை.

இவ்வினிமை முட்டையிடும் பருவம் வரும் வரையில்தான். அதன்பின் ஒன்று மற்றொன்றைத் துரத்தும், இறகுகள் உதிரும், காலையில் நோக்கின், உடைந்த முட்டைகள் தரையிற் கிடக்கும். அதனைக் கண்டவர், "இவ்வினம் பொல்லாதது" என்று பறவையின்மேற் பழி சுமத்துவர். இப்பழி பெரும்பாலும் பொருந்தாது. ஆறு குடும்பங்களை ஒரு மதிலுக்குள் அடைத்து, நான்கே வீடுகளைக் கொடுத்துவிட்டு, அவர்கள் பூசலிடுகின்றனர் என்று குறை கூறுதல் அறமாகுமோ?

"கூடு கட்டப் பறவைக்குக் கற்பிக்க வேண்டுமோ? ஒரு பிடி வைக்கோலை இட்டால் போதும்; எஞ்சியதை அது பார்த்துக்கொள்ளும்" என்பாரும் உளர். காட்டிலே இக்கூற்று உண்மை. அங்கே ஓர் இணை தோற்றால், வேறொரு மரத்தை நாடிப் பறந்துவிடும். கூண்டிலே வேறு மரம் ஏது? தோற்ற பறவை, வென்ற பறவையின் கண்ணெதிரிலேயே நாள் முழுதும் வாழ வேண்டியுள்ளது. அதற்குத் தப்பும் வழியை அடைத்தவன் மனிதன். ஆதலின் மாற்று இடத்தை அளிக்க வேண்டியவனும் அவனே.

ஆறு இணைகளுக்கு ஆறு கலயங்கள் என்னும் கணக்கும் போதாது. இரண்டு இணைகள் ஒன்றையே விரும்புவதுண்டு. காலியாக உள்ளதை எவையும் விரும்பாதிருப்பதும் உண்டு. எனவே ஆறு இணைகளுக்குப் பன்னிரண்டு இடங்கள் வேண்டும். அவை யாவும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் அமைதல் நலம். உயர்ந்த இடமே பாதுகாப்பான இடம் என்று பறவைகள் கருதுகின்றன. ஒன்றை மட்டும் உச்சியிலே தொங்கவிட்டு ஏனையவற்றைக் கீழே கட்டினால், அவ்வொன்றிற்காகவே போர் மூளும். மழைச்சாரலும் மேற்கு வெயிலும் படாத கூரையடியில், ஒன்றற்கொன்று இடைவெளி விட்டு அமைப்பின் பூசல் பெரிதும் அடங்கும்.

எண்ணிக்கையினும் பெரிது இயல்பறிதல். வரிக்குருவி தன் தாய்நாட்டிலே முட்புதர்களில் புல்லால் உருண்டைக் கூடு கட்டுவது. அதற்கு முகப்பின் பாதி திறந்த மரப்பெட்டியும் ஏற்கும். சிறு மட்கலயமும் ஏற்கும். தென்னை நார்க் கூடையும் ஏற்கும். கூல்டியன் குருவியோ மரப்பொந்தில் வாழ்வது. யூகலிப்டசு மரங்களின் இருண்ட பொந்துகளே அதற்குப் பிறப்பகம். (1844-இல் இதற்குப் பெயரிட்ட ஜான் கூல்டு என்னும் பறவை நூலார், 1841-இல் மறைந்த தம் மனைவி எலிசபெத்தின் நினைவாக அப்பெயரைச் சூட்டினார். அவ்வம்மையார் பறவைகளை ஓவியமாகத் தீட்டுவதில் வல்லவர்.) இக்குருவிக்கு வட்டத் துளையிட்ட மூடிய பெட்டியே ஏற்றது. இது சாந்தமான பறவை. வரிக்குருவி இதன் பெட்டிக்குள் புல்லைத் திணித்து, அதனைத் தனதாக்கிக்கொள்ளும். இது வாளா ஒதுங்கிவிடும். அதனால் துளைப் பெட்டிகளைக் கூண்டின் ஒரு பக்கத்திலும், திறந்த கலயங்களை எதிர்ப்பக்கத்திலும் வைத்தல் அறிவுடைமை.

கூடு கட்டும் பொருளிலும் அளவறிதல் வேண்டும். உலர்ந்த மெல்லிய புல்லும், விரல் நீளத்திற்கு நறுக்கிய தேங்காய் நாரும் நல்லவை. நீண்ட நூலும் தலைமயிரும் குஞ்சின் காலிற் சுற்றி இறுகிக் காலையே இழக்கச் செய்யும். முட்டையிட்ட பின்னும் புல்லை இட்டுக்கொண்டே இருத்தல் கூடாது. வரிக்குருவி முட்டைகளின் மேலேயே மீண்டும் புல்லைப் பரப்பி, அதன்மேல் வேறு முட்டைகளையிடும் இயல்புடையது. கீழ் அடுக்கிலுள்ளவை தாயின் சூடு பெறாது கெட்டொழியும். வளர்ப்போன் அன்பு மிகுதியால் இட்ட புல்லே முட்டைக்குக் கூற்றாவதை என்னென்பது!

பெங்காலிஸ் குருவிக்கு மட்டும் மேற்கூறிய கணக்கு உதவாது. பன்னிரண்டு கலயங்களைக் கட்டினாலும் ஐந்தாறு குருவிகள் ஒன்றினுள்ளேயே நெருங்கிப் புகும். அதனிடம் பகையில்லை, கூடி வாழும் விருப்பமே மிகுதி. ஆயினும் அந்நெரிசலில் முட்டைகள் உருண்டு உடைகின்றன. குஞ்சு வேண்டுவோர் அதனை இணையிணையாகத் தனிக் கூண்டில் வைப்பதே தக்கது. பெருங்கூண்டில் அது விருந்தினனாக வாழலாம். இல்லறம் நடத்த அஃது ஏற்ற இடமன்று.

கூடு அளித்தலைப் போன்றே அதனை அகற்றுதலும் கடமையாகும். வரிக்குருவி நான்கு முதல் ஆறு முட்டைகள் வரை இட்டு, ஏறத்தாழ இரண்டு வாரம் அடைகாக்கும்; பொரித்த குஞ்சுகள் மூன்று வாரத்தில் கூட்டை விட்டு வெளிவரும். உடனே தாய் மறுபடியும் முட்டையிடத் தொடங்கும். கூடு உள்ள வரையில் இது நிற்பதில்லை. இடைவிடாது முட்டையிடும் பெடை உடல் மெலிந்து, சுண்ணச் சத்துக் குறைந்து, முட்டை வெளிவராமல் அடைபட்டு மாள்வதும் உண்டு. குஞ்சுகளின் தொகை பெருகுவதைப் பெருமையாகப் பேசுவோர் பெடையின் நிலையை நோக்குவதில்லை. இரண்டு அல்லது மூன்று முறை குஞ்சு பொரித்தபின் கலயங்களையும் பெட்டிகளையும் ஒருசேர எடுத்துவிட வேண்டும். வரிக்குருவிகள் கூட்டினுள்ளேயே உறங்கிப் பழகியவை. ஆதலின் அவற்றிற்குக் கூரையடியில் காற்றுப் படாத கிளைகளை மாற்றாகக் கட்டுதல் வேண்டும். எடுத்தவற்றைக் கொதிநீரிற் கழுவி வெயிலில் உலர்த்தி வைத்து, சில மாதங்கள் கழிந்து பெடைகள் தேறிய பின்னர், எல்லாவற்றையும் ஒரே நாளில் முன்போலத் தொங்கவிடுவர். ஒன்றிரண்டாகத் தொங்கவிட்டால், முதலில் வந்ததற்கே மறுபடியும் போட்டி எழும்.