நள்ளிரவுப் பீட்சாவும் கடைப் பையனும்

மும்பை கலீனாவில், பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டிய பகுதியில் இரவு வெகுநேரம் திறந்திருக்கும் மலிவு விலைப் பீட்சா கடை பற்றி வாடிக்கையாளர்களின் அபிப்பிராயம் பலவிதம். ரொட்டி தடிப்பு, சீஸ் பேருக்குத்தான் என்று குறைப்படும் மாணவர்கள் உண்டு. மெஸ் மூடிய பிறகு இந்த விலைக்கு வேறு யார் தருவார்கள் என்பவர்களும் உண்டு. இரண்டாவது ஷிப்ட் முடிந்து குர்லா ஸ்டேஷனுக்கு ஆட்டோ தேடும் குமாஸ்தாவுக்கோ சூடாக இருந்தால் போதும்.

எல்லாம் நியாயமே. ஆனால் அடுப்படியில் நிற்கும் பையனைப் பற்றி யாரும் அபிப்பிராயம் சொல்வதில்லை.

மகாராஷ்டிரத்தில் 2017-ல் வந்த கடைகள் சட்டம், 24 மணி நேரமும் கடை திறக்க வழி செய்தது. வேலை நேர வரம்பு, வார விடுமுறை, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் ஆகியவற்றையும் விதித்தது. ஆனால் சில பேரை மட்டுமே வேலைக்கு வைத்த சிறு கடையை இவை கட்டுப்படுத்துவதில்லை. தொழில் நடத்துவதாகத் தகவல் கொடுத்தால் போதும். நாலைந்து பேர் வேலை செய்யும் பீட்சா கடை இந்தச் சந்தில்தான் தப்பிக்கிறது.

மாட்டுங்கா ஓட்டல்களில் மேஜை துடைத்து முன்னுக்கு வந்த தமிழர்களுக்கு இந்தக் கஷ்டம் புதிதல்ல. சட்டத்தின் பாதுகாப்பு சிறு கடைக்கும் வர வேண்டும். அதுவரை, மலிவு என்று மெச்சும் வாடிக்கையாளர், பையனுக்கு வாரத்தில் ஒரு நாளாவது லீவு உண்டா என்று முதலாளியைக் கேட்கலாம். கேட்பதற்குக் காசு செலவில்லை.