வலிக்காத புண்

புகையிலை என்றதும் புகைப்பவரே நம் நினைவுக்கு வருகிறார். பெத்தும்மாவின் வெற்றிலைப் பெட்டியை எவரும் ஐயுறுவதில்லை. ஆயின், கன்னத்தில் அடக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோயை விளைவிக்கும். ‘வெறும் பாக்குத்தானே’ என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. பாக்கும் புற்றுநோய்க் காரணியே என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுதியில் பதிவு செய்துள்ளது.

நாள்தோறும் பாக்கு மெல்லுவோர்க்குக் கன்னத்தின் உட்புறம் இறுகலாம். காரம் பட்டால் எரியும். வாய் திறக்கும் அளவு குறையும். வெண்திட்டோ செந்திட்டோ தோன்றலாம். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது. ஆகவே அவர்களும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

கடிந்துகொள்ளாமல், இன்றே பகல் வெளிச்சத்தில் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அவர்களுடைய மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி நுழைக்க இயலாவிடினும், இரண்டு வாரம் கடந்தும் புண் ஆறாவிடினும் தாமதியாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணமாகும் வாய்ப்பு மிகுதி.