படிவத்தில் இல்லாத பாட்டி

எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் ‘இனம்’ என்ற கட்டத்தில் ‘இந்தியர்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். மருந்துக்கு அது போதாது.

வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமசெபின், எச்.எல்.ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ள சிலருக்குத் தோல் கொப்புளித்து உரியச் செய்யும், உயிரும் போகலாம். 2004இல் தைவானில் சீனரிடையே இத்தொடர்பைக் கண்டறிந்தார்கள். மலாய்க்காரரிடமும் இவ்வகை உண்டு, இந்தியரிடம் குறைவு. அதற்காக, ‘நமக்கில்லை’ என்று இருந்துவிடலாமா?

பினாங்கு சூலியா தெருவையே பாருங்கள். கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் மலாய்ப் பெண்களை மணந்து, ஜாவி பெரானாக்கான் என்றொரு சமூகமே உருவானது. அவர்களின் பேரப்பிள்ளைகள் எந்தக் கட்டத்தில் அடங்குவார்கள்? என் தோழி ஒருத்தியின் பெயர் தமிழ், பாட்டி சீனர்.

வீட்டில் யாருக்கேனும் இம்மருந்தைப் புதிதாக எழுதித் தந்தால், முதல் மாத்திரைக்கு முன்பே மரபணுப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அந்தப் பாட்டியைப் பற்றியும் சொல்லுங்கள்.