வாசல் திறந்திருந்தால் மட்டும் போதுமா?

தாதரில் முதன்முறையாக வந்து இறங்குகிறவனுக்கு ரயிலுக்குப் பஞ்சமில்லை. எது ஸ்லோ, எது ஃபாஸ்ட், எது தான் இறங்கும் நிலையத்தில் நிற்கும் என்று சொல்ல ஓர் ஆள் இல்லாததே அவன் கஷ்டம். கம்பைலர் வேலையில் பங்கெடுக்க ஆசைப்படும் இளைஞர்களின் நிலையும் இதுவே.

கம்பைலர் என்பது மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள். அது இல்லையேல் வங்கிக் கம்ப்யூட்டரும் ஓடாது, கைப்பேசியும் பேசாது. 1987-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜி.சி.சி.யும், 2000-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிரிஸ் லாட்னரும் அவருடைய பேராசிரியர் விக்ரம் அத்வேயும் தொடங்கிய எல்.எல்.வி.எம்.மும் மூல நிரலை ஊரறியத் திறந்து வைத்திருப்பவை. யாரும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். பட்டமோ சிபாரிசோ கேட்பாரில்லை. ஜி.சி.சி.க்குத் திருத்தம் தருவோர் பதிப்புரிமையை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றிருந்த கட்டாயமும் 2021-ல் தளர்த்தப்பட்டது.

ஆனால், வாசல் திறந்திருப்பது வேறு. வா என்று அழைப்பது வேறு. லட்சக்கணக்கான வரிகள் கொண்ட நிரல் அது. சாதாரண லாப்டாப்பில் எல்.எல்.வி.எம்.மை ஒருமுறை உருவாக்கி எடுக்கவே மணிக்கணக்கில் ஆகும். இத்தனையும் தாண்டி, சிறு பிழை ஒன்றைத் திருத்தி, அதற்குரிய சோதனையும் எழுதி அனுப்புகிறான் புதியவன். பதில் இல்லை. பெரியவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பது மரியாதையல்ல என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, தன் வேலையில்தான் குறை என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறான். ஒரு வாரம் கழிந்தால் நினைவூட்டலாம் என்பது அங்கே வழக்கம். அதை அவனுக்குச் சொல்ல ஆளில்லை. திருத்தத்தை ஏற்றுக்கொண்டாலும், அதை மூல நிரலில் சேர்க்கும் உரிமை புதியவனுக்குக் கிடையாது; பழையவர் ஒருவர்தான் சேர்த்து உதவ வேண்டும். இதுவும் அவனுக்குத் தெரியாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ரஸ்ட் கம்பைலர் திட்டத்தில் எளிய வேலைகளுக்குத் தனி அடையாளமும், வழிகாட்ட ஆள் உள்ள வேலைகளுக்கு வேறோர் அடையாளமும் இடுகிறார்கள். எல்.எல்.வி.எம்.மிலும் முதல் வேலைக்கு ஏற்றவை என்று குறித்து வைக்கிறார்கள். கம்பைலரைத் தடுக்கி விழச் செய்யும் பெரிய நிரல் ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பத்து வரியில் அதே பிழையைக் காட்டுவது நல்ல முதல் பாடம். அதற்கு ஆழ்ந்த புலமை வேண்டாம், பொறுமை போதும். இத்தகைய வேலைகளைப் பத்து நிமிஷத்தில் முடிக்கத் தெரிந்த பழையவர்கள், அவற்றில் கை வைக்காமல் புதியவனுக்கு விட்டுவைக்க வேண்டும்.

புதியவர்களுக்குச் சொல்லித் தந்தால் தங்கள் வேலை கெடுகிறது என்று அனுபவஸ்தர்கள் குறைப்படுவதில் உண்மை உண்டு. இயந்திரம் எழுதித் தந்ததைத் தானே படித்துப் பார்க்காமல் அனுப்புகிறவனுக்காக அவர்கள் பொழுதைச் செலவிடத் தேவையில்லை. ஆனால் உழைத்து அனுப்பியவனையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துத் தள்ளுவது நியாயமா? இன்றைய அனுபவஸ்தர்கள் விலகும் நாளில் பொறுப்பை ஏற்க யார் இருப்பார்கள்?

இதே மும்பையில், பவாயிலுள்ள பம்பாய் ஐ.ஐ.டி.யில், 2011, 2012-ஆம் ஆண்டுகளில் ஜி.சி.சி.யின் உள்ளமைப்பை விளக்கும் பயிற்சிப் பட்டறைகள் நடந்தன. அத்தகைய முயற்சிகள் ஊருக்கு ஊர் வேண்டும். கம்ப்யூட்டர் நிறுவனங்களில் நல்ல நிலையில் இருக்கும் நம்மவர்கள், ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் நாலு பிள்ளைகளுக்கு வழிகாட்டலாம். திட்டங்களை நடத்துவோரிடம் கேட்பதும் பெரிய காரியமல்ல. புதியவனின் முதல் திருத்தத்துக்கு ஒரு வாரத்துக்குள் ஒரு வரி பதில் போகட்டும். தவறு என்றால் எங்கே தவறு என்று அந்த வரி சொல்லட்டும்.