சிறுசொல்லின் ஆட்சி

பெருஞ்சொல்லைக் கண்டு அஞ்சாத மாணவனும் சிறுசொல்லைக் கண்டு தடுமாறும் மொழி ஆங்கிலம். தமிழ்நாட்டுப் பள்ளியில் பத்து ஆண்டு ஆங்கிலம் பயின்ற மாணவன் ஒருவனிடம் ‘எக்ஸ்டிங்குவிஷ்’ என்னும் நெடுஞ்சொல்லுக்குப் பொருள் கேட்டால், ‘அணைத்தல்’ என்று தயங்காமல் விடையிறுப்பான். அவனிடமே ‘புட் அவுட் தி லாம்ப்’ என்று ஒருவர் கூறினால், விளக்கைத் தூக்கிக்கொண்டு வாயிற்புறத்தில் வைக்கப் புறப்படுவான். அவனைக் குறை கூறுதல் முறையன்று. ‘புட்’ என்றால் வைத்தல் என்றும், ‘அவுட்’ என்றால் வெளியே என்றும் அவனுக்குக் கற்பித்தவர் உண்டு. அவ்விரண்டும் ஒன்று கூடியவிடத்து இரண்டிலும் இல்லாத மூன்றாம் பொருள் ஒன்று பிறக்கும் என்பதைக் காட்டியவர் இல்லை.

இவ்வாறு எளிய வினைச்சொல் ஒன்றும், மேல், கீழ், உள், வெளி, அப்பால் என இடத்தையோ திசையையோ குறிக்கும் சிறுசொல் ஒன்றும் கூடிப் புதுப்பொருள் தருவதை ஆங்கில இலக்கணத்தார் ‘ஃபிரேசல் வெர்ப்’ என்பர். தமிழில் அதனைத் தொடர்வினை எனலாம். 1755இல் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அயல்நாட்டார்க்கு மிகுந்த இடர் விளைப்பது இவ்வகைச் சேர்க்கையே என்று தம் முன்னுரையில் எடுத்துரைத்தார். எனினும் அதற்குரிய பெயர் பரவியது 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலுக்குப் பின்னரே. நோய் முன்னே வந்தது. பெயர் நூற்றெழுபது ஆண்டு கழித்து வந்தது.

இச்சேர்க்கைகளின் ஆற்றலை உலகிற்கு நன்கு காட்டியது, ஓக்டன் என்னும் அறிஞர் 1930இல் வெளியிட்ட ‘பேசிக் இங்கிலீஷ்’ என்னும் திட்டமாகும். ஆங்கிலத்தில் அன்றாட வாழ்வு நடத்த 850 சொற்கள் போதும் என்பது அவர் கொள்கை. அவற்றுள் வினைத்தொழில் செய்தவை 18 சொற்களே. ‘என்டர்’ வேண்டா, ‘கோ இன்’ போதும். ‘ரைஸ்’ வேண்டா, ‘கெட் அப்’ போதும் என்ற முறையில், சில வினைகளைச் சிறுசொற்களோடு புணர்த்திப் பல நூறு வினைகளின் வேலையை அவர் வாங்கினார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடையார்க்கு இது மிக எளிதாகத் தோன்றிற்று. அயலார்க்கோ, அந்த 850 சொற்களின் பின்னே ஒளிந்து நின்ற எண்ணற்ற சேர்க்கைகளையும் கற்க வேண்டியதாயிற்று.

இவற்றைக் கற்பதற்குப் பள்ளிகளில் பெரிதும் கைக்கொள்ளப்படும் வழி பட்டியல். இடப்பக்கம் தொடர்வினை, வலப்பக்கம் பொருள், ஐம்பது வரிகள், தேர்வுக்கு முந்திய இரவில் மனப்பாடம். இவ்வழியின் குறை யாதெனின், அது பொருளைத் தருகின்றதேயன்றிப் பொருளின் எல்லையைத் தருவதில்லை. ‘பிரேக் டவுன்’ என்பதற்கு எதிரே ‘பழுதடைதல்’ என்று பட்டியல் கூறும். பேருந்து பழுதடையும்; அதற்கு அச்சொல் பொருந்தும். ஆனால் கூடையில் இருந்த மாம்பழமும் பழுதடைந்தது. மாணவன் ‘தி மேங்கோ புரோக் டவுன்’ என்று எழுதுகிறான். நடுவழியில் நின்றுபோன மாம்பழத்தை ஆங்கிலேயர் கண்டதில்லை. இதைப் போன்றே ‘லுக் ஆஃப்டர்’ என்பதற்குப் ‘பார்த்துக்கொள்ளுதல்’ என்று கற்ற மாணவி, கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்ட பெண்ணைப் பற்றி எழுதுங்கால் ‘ஷி லுக்ட் ஆஃப்டர் ஹெர் ஃபேஸ் இன் தி மிரர்’ என்று எழுதிவிடுகிறாள். அவள் தமிழும் பிழையன்று, மனப்பாடமும் பிழையன்று. அவள் வாக்கியத்தைக் கற்கவில்லை என்பது ஒன்றே குறை.

ஈண்டு ஓர் உண்மையைக் கருதுதல் தகும். தொடர்வினை என்பது தமிழ் மாணவனுக்கு முற்றிலும் புதுமையன்று. அவன் வாயில் நாள்தோறும் வழங்கும் வினைகளை அவனே கூர்ந்து நோக்குவானாயின் வியப்படைவான். ‘ஒத்திப்போடு’ என்னும் சொல்லில் எதையும் எங்கும் போடுவதில்லை. ஆங்கிலத்தின் ‘புட் ஆஃப்’ என்பதிலும் எதையும் எங்கும் வைப்பதில்லை. ‘கண்டுபிடி’ என்பதில் பிடித்தல் இல்லை. ‘ஃபைண்ட் அவுட்’ என்பதில் வெளியே செல்லுதல் இல்லை. ‘தீர்ந்துபோயிற்று’ என்று கூறும்போது எண்ணெய் எங்கும் நடந்து போவதில்லை. ‘ரன் அவுட்’ என்னும்போது ஆங்கில எண்ணெயும் ஓடிவிடுவதில்லை. ‘கைவிடு’, ‘விட்டுக்கொடு’ என்பனவும் இத்தகையனவே. குடித்தான் என்பதற்கும் குடித்துவிட்டான் என்பதற்கும் உள்ள வேற்றுமையைத் தமிழ்க் குழந்தை மூன்று வயதில் அறியும். ‘ட்ரிங்க்’ என்பதோடு ‘அப்’ சேரும்போது எழும் முடிவுப்பொருளும் ஏறத்தாழ அத்தகையதே. ‘ட்ரை அப்’ என்றால் முற்றும் வற்றுதல். ‘யூஸ் அப்’ என்றால் முற்றும் செலவழித்தல். தமிழில் துணைவினை செய்யும் தொழிலை ஆங்கிலத்தில் சிறுசொல் செய்கின்றது என்று ஆசிரியர் ஒரு வகுப்பில் காட்டிவிட்டால், பாதி அச்சம் அன்றே அகலும். ஆங்கில வகுப்பில் தமிழ் நுழைதல் ஆகாது என்று சிலர் கருதுவர். இவ்விடத்தில் அக்கருத்துப் பெருந்தவறாகும்.

எல்லாம் ஒத்திருக்கும் என்றும் எண்ணிவிடலாகாது. ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்ளுதல் என்பதை எந்தத் துணைவினையும் உணர்த்தாது. சட்டையைக் கழற்றுவதும் ‘டேக் ஆஃப்’. வானூர்தி மேலெழுவதும் ‘டேக் ஆஃப்’. இங்கே துணை நிற்பது வாக்கியம் ஒன்றே. அந்த வாக்கியமும் மாணவன் வாழும் ஊரிலிருந்து எழுதல் வேண்டும். இலண்டன் மாநகரத்துப் பனியையும் நிலத்தடி இரயிலையும் பற்றிய எடுத்துக்காட்டு, அறியாத சொல்லை அறியாத காட்சியால் விளக்குவதாகும்.

தென்காசிக்குக் கிழக்கே, பாவூர்சத்திரத்தை அடுத்து, குளமும் வயலும் சூழ அமைந்த ஊர் கீழப்பாவூர். அவ்வூர் மாணவன் ஒருவனின் ஒரு நாளை எடுத்துக்கொண்டால், அதில் எத்தனை தொடர்வினைகள் கிடக்கின்றன! விடியலில் அவன் கண் விழிக்கின்றான். அது ‘வேக் அப்’. விழித்தும் பாயை விட்டு எழாமல் கிடக்கின்றான். ஆதலின் அவன் இன்னும் ‘கெட் அப்’ என்னும் நிலையை அடையவில்லை. ‘ஐ வேக் அப் அட் ஃபைவ், பட் ஐ கெட் அப் அட் சிக்ஸ்’ என்று எழுதினால் இரண்டன் வேற்றுமையும் விளங்கும். இரண்டும் ஒன்றே என்று பட்டியல் கூறும்; அவன் தாய் அதை ஒப்புக்கொள்ளமாட்டாள்.

தந்தை தோட்டத்து மோட்டாரை இயக்குகின்றார்: ‘ஃபாதர் ஸ்விட்சஸ் ஆன் தி மோட்டார்’. கோடையில் கிணறு வற்றுகின்றது: ‘தி வெல் ஹேஸ் ட்ரைட் அப்’. சமையலறையில் எரிவாயு தீர்கின்றது: ‘வி ஹாவ் ரன் அவுட் ஆஃப் கேஸ்’. பாட்டி தொட்டிலில் உள்ள பிள்ளையைப் பார்த்துக்கொள்கின்றாள்: ‘கிராண்ட்மதர் லுக்ஸ் ஆஃப்டர் தி பேபி’. பாவூர்சத்திரத்துக் காய்கறிச் சந்தையிலிருந்து கேரளத்திற்கு லாரிகள் புறப்படுகின்றன. புறப்படுதல் ‘செட் ஆஃப்’. வெங்காய விலை ஏறுவது ‘கோ அப்’. இறங்குவது ‘கம் டவுன்’. பயிரிட்டவர் வீட்டுப் பிள்ளைக்கு இவ்விரு சொற்களும் மறக்கக்கூடியவை அல்ல.

ஆனித் திங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடந்து சாரலைத் தூவத் தொடங்குகின்றது: ‘தி சாரல் ஹேஸ் செட் இன்’. ‘சாரல்’ என்பதற்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் தேடிக் களைப்புற வேண்டுவதில்லை. அதனை அவ்வாறே நிறுத்திக்கொண்டு வினையைக் கற்றால் போதும். குற்றாலத்துப் பேரருவியில் வெள்ளம் பெருகினால் குளிக்கத் தடை விதிக்கப்படும். காவலர் கூட்டத்தைத் தடுத்து நிறுத்துவர்: ‘தி போலீஸ் ஹோல்ட் பேக் தி கிரவுட்’. பள்ளியிலிருந்து அருவிக்குச் செல்லவிருந்த உலா மறுவாரத்திற்கு ஒத்திவைக்கப்பட்டால் அது ‘புட் ஆஃப்’. அடியோடு கைவிடப்பட்டால் அது ‘கால் ஆஃப்’. இவ்வேற்றுமையை விளக்க அகராதியும் வேண்டா, ஆசிரியரும் வேண்டா. மாணவர் முகமே விளக்கும்.

தென்காசி வட்டாரத்தில் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்கள் பலர். இலையில் தூளையிட்டுச் சுருட்டுதல் ‘ரோல் அப்’. அத்தகைய வீட்டுப் பெண் ஒருத்தி குடும்ப நிலையால் படிப்பை இடையில் நிறுத்த நேர்ந்தால் அதற்கு ‘டிராப் அவுட்’ என்று பெயர். பின்னர் அவள் பள்ளிக்குத் திரும்பினால் ‘கோ பேக்’. இவ்விரு தொடர்களின் இடையே உள்ள தொலைவு எத்துணை என்பதை அவ்வகுப்பில் இருக்கும் மாணவியர்க்கு எவரும் அளந்து காட்ட வேண்டுவதில்லை.

வாக்கியம் பொருளோடு இன்னொன்றையும் உடன் தருகின்றது. அது சொற்கள் நிற்கும் இடம். விளக்கை அணை என்பதற்கு ‘புட் அவுட் தி லாம்ப்’ எனவும் ‘புட் தி லாம்ப் அவுட்’ எனவும் கூறலாம். ஆனால் விளக்கு என்பதற்கு மாறாக ‘அது’ என்னும் சுட்டுப்பெயர் வருமிடத்து ‘புட் இட் அவுட்’ என இடையில் நின்றே தீரும். ‘புட் அவுட் இட்’ என்பது வழுவாகும். ‘லுக் ஆஃப்டர்’ என்பதோ பிளவுபடாது. அங்கே ‘லுக் ஆஃப்டர் இட்’ என்பதே முறை. இவ்விதியை இலக்கண நூலில் படிப்போர் ஒவ்வொரு முறையும் நின்று எண்ணிப் பார்ப்பர். ‘தி மோட்டார் இஸ் ஆன், ஸ்விட்ச் இட் ஆஃப்’ என்று நாள்தோறும் சொல்லிப் பழகியவன் எண்ணிப் பாராமலே பிழையின்றிப் பேசுவான்.

இது புதுவது புனைந்த முறையன்று. 1839இல் தமிழ்நாட்டுக்கு வந்து, நெல்லைச் சீமையின் சாயர்புரத்தில் கல்விப்பணி புரிந்த ஜி. யு. போப், அயலார் தமிழ் கற்கும் பொருட்டுத் தமிழ்க் கைந்நூல் ஒன்றை இயற்றினார். அக்காலத்து ஐரோப்பாவில் பெயர்பெற்றிருந்த ஆலெண்டார்ஃபு, ஆர்னால்டு என்போர் முறையைத் தழுவி, எளிய வாக்கியங்களை ஆக்கியும் மொழிபெயர்த்தும் படிப்படியாகக் கற்குமாறு அந்நூலை அவர் அமைத்தார். அந்நூல் கற்பிக்க முனைந்தது மக்களின் பொது வழக்கில் உள்ள தமிழையே. தமிழ் கற்க வந்த ஆங்கிலேயருக்கு ஏற்றதாக இருந்த முறை, ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவனுக்கு மட்டும் ஏலாதாகுமோ? நெடுங்காலத்திற்குப் பின்னர், 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்னும் அறிஞர் பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய இடங்களில் உள்ள சில பள்ளிகளில் ஒரு முயற்சியை நடத்தினார். கால அட்டவணையைப் பார்த்து விடை காணுதல், நிலப்படத்தில் வழி காணுதல் போன்ற செயல்களில் மாணவர் கருத்தைச் செலுத்தச் செய்தால், மொழியின் அமைப்பு அவர்தம் உள்ளத்தில் தானே படியும் என்பது அம்முயற்சிக்கு அடிப்படை. போப்பின் வழியும் பிரபுவின் வழியும் ஒன்றல்ல. வாக்கியப் பயிற்சியையே பிரபு விலக்கினார் என்றும் கூறலாம். ஆயினும் பொருளற்ற மனப்பாடத்திற்கு இருவர் வழியிலும் இடமில்லை.

‘தேர்வில் ஒரு மதிப்பெண்ணுக்குரிய வினாவிற்கு இத்துணை முயற்சி வேண்டுமா?’ என்று கேட்போர் உளர். அவர் கூற்றில் சிறிது உண்மை உண்டு. ‘டாலரேட்’ என்பதற்கு ஈடான தொடர்வினையைத் தேர்ந்தெடுக என்னும் வினாவிற்குப் பட்டியலே போதும். ஆனால் அம்மாணவன் பள்ளியை விட்டு நீங்கிக் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ வேலைக்கு விண்ணப்பம் செய்யும் நாள் வரும். தொலைபேசியில் ‘ஹோல்ட் ஆன்’ என்று ஒரு குரல் கூறும். காத்திருக்கச் சொல்கின்றார்கள் என்பதை அவன் அந்நொடியிலேயே உணர வேண்டும். ‘ஃபில் இன் தி ஃபார்ம்’ என்பார்கள். விண்ணப்பம் ‘டர்ன்ட் டவுன்’ என்று மறுமொழி வந்தால், ‘ரிஜெக்ட்’ என்னும் சொல்லை மட்டுமே கற்றவன் தன் தாளை யாரோ கவிழ்த்து வைத்திருக்கின்றார்கள் என்று நம்பி, அது நிமிரும் நாளை எதிர்நோக்கி இருப்பான். நகரத்துப் பிள்ளை வீட்டிலும் தெருவிலும் கேட்டே அறிந்துவிடும் இச்சொற்களைச் சிற்றூர்ப் பிள்ளைக்குத் தரக்கூடிய இடம் பள்ளி ஒன்றே. அதுவும் பட்டியலோடு நின்றுவிடுமாயின், அவன் பின்தங்குவது அறிவுக் குறையாலன்று.

இதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. ஒரு குறிப்பேடு, நாளுக்கு மூன்று வாக்கியம், அம்மூன்றும் அன்று உண்மையாகவே நிகழ்ந்தவற்றைப் பற்றியனவாக இருத்தல் வேண்டும். மழை பெய்யாத நாளில் ‘தி ரெய்ன் ஹேஸ் செட் இன்’ என்று எழுதலாகாது. எழுதியதை மறுநாள் உடன்பயில்வோரிடம் வாய்விட்டுக் கூறவும் வேண்டும்.

இந்திய நாட்டு ஆங்கில வழக்கைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். பேருந்திலிருந்து இறங்குவதற்குத் தென்காசியிலும் தில்லியிலும் ‘கெட் டவுன்’ என்பர். இங்கிலாந்தில் ‘கெட் ஆஃப்’ என்பர். தமிழின் ‘இறங்கு’ என்னும் சொல் அதற்குள் புகுந்திருக்கின்றது போலும். இதனை நடத்துநரிடம் கூறுவதால் கேடொன்றும் இல்லை. தேர்வுத்தாளில் மட்டும் ‘கெட் ஆஃப்’ என எழுதுதல் நலம். ‘கோப்’ என்பதோடு ‘அப்’ சேர்த்துக் ‘கோப் அப் வித்’ என்பதோ இந்தியர் பலர் வழங்கும் பிழை. அங்கே சிறுசொல்லுக்கு வேலையே இல்லை. கல்லூரிப் படிப்பை முடித்தவரைப் ‘பாஸ்ட் அவுட்’ என்று இந்நாட்டில் பெருமையுடன் கூறுவர். படைப்பயிற்சி முடித்து வெளியேறுவோர்க்கு அச்சொல் இங்கிலாந்திலும் உண்டு. ஆனால் கல்லூரியிலிருந்து ஒருவர் அவ்வாறு ஆனார் என்று கேட்கும் ஆங்கிலேயர், அவர் மயங்கி விழுந்தார் என்று எண்ணித் தண்ணீர் தேடுவர்.